செல்வி சொல்லி முடிக்கட்டும்

ராஜாவுக்கு வாய் திக்கும் என்று முடிவு செய்தவள் ஐஸ்வர்யா. கதை அவளுடையது, படமும் அவளுடையது. அதனால் ராஜாவுக்கு என்ன வைப்பது என்பதும் அவள் இஷ்டம்தான்.

ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில், ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பள்ளியில் ஐஸ்வர்யா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளித் திரைப்பட மன்றத்துக்கு ஒவ்வொரு வகுப்பும் ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்துத் தர வேண்டும். மற்ற வகுப்புக்காரர்கள் மரம் நடுவது, பல் தேய்ப்பது என்று எடுத்துக்கொண்டிருக்க, ஐஸ்வர்யா மட்டும் சரித்திரப் படம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கதை இதுதான். நானூறு வருஷத்துக்கு முன்னால் பூவலங்கோட்டை என்று ஒரு கோட்டை. அப்படி ஒரு கோட்டை கிடையாது, தேடாதீர்கள். ஐஸ்வர்யா கணக்குப் பாடவேளையில் உட்கார்ந்து கட்டிய கோட்டை அது. அந்தக் கோட்டை ராஜாவுக்கு வாய் திக்கும். எதிரி பீரங்கியோடு வருகிறான். மக்கள் பயந்துபோய் ஓடப் பார்க்கிறார்கள். ராஜா படியில் நின்று அவர்களிடம் பேசியாக வேண்டும். வாயைத் திறக்கிறார், வார்த்தை வரவில்லை. அப்போது அம்மன் அருளால் திக்கு பறந்துபோகிறது. ராஜா மடமடவென்று பேசுகிறார், மக்கள் நிற்கிறார்கள், எதிரி ஓடுகிறான். சுபம்.

கிரீடமும் தயார். ஐஸ்வர்யாவின் அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய தங்கநிற அட்டையை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். கிரீடத்தின் பின்பக்கம் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று அச்சாகியிருந்தது. ஆகவே ராஜா எக்காரணம் கொண்டும் கேமராவுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டாள் ஐஸ்வர்யா.

கதையைக் கேட்டு வகுப்பே கைதட்டியது. ஒருத்தி மட்டும் தட்டவில்லை. அவள் பெயர் பாண்டிச்செல்வி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐஸ்வர்யாவின் பக்கத்தில் உட்காருகிறவள்.

செல்விக்கும் வாய் திக்கும். சொல்ல வேண்டியது மனசில் பளிச்சென்று இருக்கும். கிளம்பித் தொண்டைவரை வந்தும் விடும். அங்கே வாசலில் நின்றுகொண்டு, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். ஆனால் யார் பொறுக்கிறார்கள்?

அவளை யாரும் கேலி செய்தது கிடையாது. நல்ல ஊர் அது. நல்லவர்களாக இருந்ததுதான் தொல்லையே. பாவம், பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று, அவள் ஆரம்பித்ததை யாராவது முடித்துவைத்துவிடுவார்கள். கடையில் போய் அவள் “சீ...” என்றதும் கடைக்காரர் சீனியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். அவள் வாங்க வந்தது சீயக்காய். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடும். செல்வி சீனியோடு வீட்டுக்கு நடப்பாள்.

ராஜாவாக யார் நடிக்கிறீர்கள் என்று ஐஸ்வர்யா கேட்டபோது முதலில் தூக்கிய கை செல்வியுடையது.

“நா... நா...”

“நானும் ஒங்கூட இருக்கேங்கிற, அதானே?” என்றாள் ஐஸ்வர்யா பாசமாக. “நீ இல்லாமலா? ஒனக்குன்னு பேசாத வேலையா ஒண்ணு வச்சிருக்கேன். கிளாப் பலகை நீதான் அடிக்கணும்.”

செல்வி கையைக் கீழே போட்டாள். ராஜா வேஷம் சோலைமலைக்குப் போனது.

சோலைமலை நல்ல பையன். வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவனும் அவன்தான். அவன் கண்ணை உருட்டி, சேவல் மாதிரி கழுத்தை வெட்டி வெட்டி இழுத்து, “எ எ எ என் ம ம மக்களே” என்று ஒத்திகை பார்த்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

இந்தப் படத்தைத் திரை கட்டி ஊருக்கே போட்டுக் காட்டப் போகிறார்கள். பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவள் எங்கே வாயைத் திறந்தாலும் இந்த ராஜாதானே அவர்களுக்கு ஞாபகம் வருவார்? நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் சோலைமலையைத் தனியாகப் பிடித்தாள். “நீ... நீ செ...”

“நீ செய்றது சூப்பருங்கிறியா?” என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக. “நீயே சொல்லிட்டன்னா சரியாத்தான் இருக்கும்.”

வீட்டிலும் இதே கதைதான். அவளுடைய அம்மா பொன்மணிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் போனால் திரும்ப மூன்று மணி ஆகும். அம்மாவிடமாவது சொல்லலாம் என்று செல்வி பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா, ரா... ரா...”

“ராத்திரிக்கு என்னன்னு கேக்கிறியா? தோச சுடுறேன், தாயி,” என்று அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள்.

தோசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராஜா வேஷம் தோசையில் இல்லையே.

ராஜாவின் வசனம் முழுவதும் செல்விக்கு மனப்பாடம். மொட்டைமாடியில் காயும் துணிகளைப் பார்த்து அதைச் சொல்வாள். தனியாக இருக்கும்போது திக்கு எங்கே போகுமோ தெரியாது, கடகடவென்று வரும். கீழே இறங்கி ஓர் ஆள் முகத்தைப் பார்த்தால் போதும், சொல் பழையபடி தொண்டை வாசலில் வந்து நின்றுவிடும்.

சனிக்கிழமை படப்பிடிப்பு. சனியும் ஞாயிறும் ஐஸ்வர்யாவின் அக்காவுக்குக் கல்லூரி விடுமுறை என்பதால் அந்த இரண்டு நாள் மட்டும் அக்காவின் போன் இரவல் கிடைக்கும். திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். கண்மாய்க்கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத பழைய மோட்டார் ரூம் ஒன்று உண்டு. அதுதான் பூவலங்கோட்டை. அதன் வாசலில் உள்ள மூன்று படிகள்தான் கோட்டைப் படி. பிளாஸ்டிக் நாற்காலியில் பட்டுச்சேலை விரித்துச் சிம்மாசனமும் போட்டார்கள்.

மதியம்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று மணிக்குப் பீரங்கிக் காட்சி. சோலைமலை தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பெரிய வெடி ஒன்றைத் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தான். அதை மோட்டார் ரூமுக்குள் வைத்தால் எதிரொலித்துப் பீரங்கி மாதிரியே கேட்கும் என்றான். பிரமாதம் என்று எல்லோரும் குதித்தார்கள்.

செல்வி ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வே... வேண்டாம். ஊ... ஊரு...”

“ஊரே அதிரும், அதானே? அதிரட்டும்,” என்று சொல்லிவிட்டு ஐஸ்வர்யா போனைத் தூக்கிப் பிடித்தாள்.

எல்லோரும் தள்ளிப் போய் நின்றார்கள். சோலைமலை திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்தான். வெடி வெடித்தது. கண்மாயில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிப் போயின.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்களில் தீபாவளிக்கு ஆயிரம் வெடி வெடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திருவிழாவுக்கு வெடித்தாலும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் வேலை நாளில், பட்டப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரே ஒரு சத்தம் கேட்டால் போதும். சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து ஓடுவார்கள். எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று வானத்தைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற ஊர் அது. படம் எடுக்கிற மும்முரத்தில் இது மற்ற அத்தனை பேருக்கும் மறந்துபோயிருந்தது. செல்வி சொல்ல வந்ததும் இதைத்தான்.

கம்பெனி வேன் அப்போதுதான் ரோட்டுப் புளியமரத்தடியில் வந்து நின்றிருந்தது. சத்தம் கேட்ட திசையில் கண்மாய்க்கரை, கரையில் பிள்ளைகள். வேனிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே ஓடி வந்தார்கள். ஊருக்குள்ளிருந்தும் ஓடி வந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருக்கும். முன்னால் வந்தவள் பொன்மணி. காலில் செருப்பு இல்லை, கையில் தூக்குச்சட்டி மட்டும் இருந்தது.

என்ன ஆச்சு, யாருக்கு அடி, உள்ளே யார் வெடிமருந்து வைத்தது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஐஸ்வர்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரு சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. சோலைமலை தன் அம்மா மூக்கம்மாள் ஓடி வருவதைப் பார்த்ததுமே மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மற்றவர்கள் மரமாக நின்றார்கள்.

“எம் மகன் எங்க?” என்றாள் மூக்கம்மாள்.

செல்விதான் முன்னால் வந்தாள். சோலைமலைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தாள்.

“சோ... சோ... சோலைக்கு...”

“சோலமலைக்கா?” என்று யாரோ கத்தினார்கள். “சோலமலைக்கு அடிபட்டிருச்சாம்.”

மூக்கம்மாள் இருந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வேன் ஓட்டுகிற முனியராஜ் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஒரு பையனுக்குப் பலத்த காயம், சீக்கிரம் வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். கையா காலா என்று ஒருவர் கேட்க, கண் என்று இன்னொருவர் பதில் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. செல்வி “இ... இல்ல...” என்றாள். உயிரே இல்லையாம் என்று பின்னால் ஒரு குரல் எழுந்தது.

தன் வாயிலிருந்து பாதி வந்த ஒரு வார்த்தை, அவள் கண்ணெதிரில் ஒரு பையனையே கொன்றுகொண்டிருந்தது. செல்விக்கு இதுவரை வராத கோபம் வந்தது. கையில் இருந்த கிளாப் பலகையை ஓங்கி ஓர் அடி அடித்தாள். பட்டென்ற சத்தத்தில் அத்தனை பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

“யா... யாரும் சொல்லாதீக,” என்றாள் செல்வி. “நா... நானே சொல்லி மு... முடிக்கிறேன்.”

கூட்டம் அடங்கியது. அம்மா எப்போதும்போல உதவிக்கு வாயைத் திறந்தாள். மகள் கண்ணைப் பார்த்தாள். முந்தானையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.

“சோ... சோ... சோலைமலைக்கு... ஒ... ஒண்ணும் இல்ல.”

இந்த ஒரு வரி வெளியே வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை எழுத்தில் காட்ட முடியாது. நான் நாலு புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவேன். அவள் அங்கே நின்று, அறுபது பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே கொண்டு வந்தாள். வந்ததும் நிறுத்தவில்லை. மேலே சொன்னாள். யாருக்கும் அடி இல்லை. உள்ளே மருந்து எதுவும் இல்லை. படத்துக்காக ஒரு தீபாவளி வெடி வெடித்தோம். தப்புதான். ஊர் பயந்துவிடும் என்று எனக்குத் தெரியும், சொல்லப் பார்த்தேன், முடிக்க விடவில்லை.

அவள் முடிக்கும்வரை ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. முனியராஜ் போனைக் காதில் வைத்தபடியே கேட்டார். கேட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வேண்டாம், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், மன்னிச்சிருங்க என்று சொல்லிப் போனை வைத்தார்.

சோலைமலை கிரீடத்தோடு மெதுவாக வெளியே வந்தான். மூக்கம்மாள் எழுந்து போய் முதுகில் இரண்டு போட்டாள், அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் மாட்டிய கிரீடம் நசுங்கியது.

“வேல நாள்ல வெடியப் போட்டு எங்க உசுர வாங்கிட்டீகளேப்பா,” என்றாள் அழுகையோடு.

எல்லோருக்கும் நல்ல திட்டு கிடைத்தது. தீப்பெட்டியை முனியராஜ் பிடுங்கிக்கொண்டார். இனி வெடி என்ற பேச்சே கூடாது, பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் படப்பிடிப்பும் கூடாது என்று முடிவானது. கூட்டம் கலைந்தது.

ஐஸ்வர்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியின் எதிரில் வந்து நின்றாள்.

“அன்னைக்கு வகுப்புல கையத் தூக்குனியே. என்ன சொல்ல வந்த?”

இந்தத் தடவை அவள் முடித்துவைக்கவில்லை. சோலைமலையும் சும்மா நின்றான். கரையில் ஓர் ஆட்டு மந்தை வந்து, அவர்களைக் கடந்து, இறங்கியும் போனது. செல்வி இன்னும் முதல் எழுத்தில் இருந்தாள். அவர்கள் காத்திருந்தார்கள்.

“நா... நா... நான் ரா... ராஜாவா நடிக்கணும்.”

சோலைமலை தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றினான். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “நான் திக்குற மாதிரி செஞ்சது ஒனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான்.

“அ... அழுக வந்துச்சு.”

அவன் நசுங்கிய இடத்தை விரலால் நீவி நீவிச் சரிசெய்தான். பிறகு கிரீடத்தை அவள் தலையில் வைத்தான். கிளாப் பலகையைத் தான் வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா செல்வியின் கையை விடாமல் பிடித்திருந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் சொன்னாள்.

“நீ வார்த்த வராமத் தவிக்கிறதப் பாத்தா எனக்குத் தாங்காது தாயி. ஒனக்கு வலிக்குமேன்னுதான் நான் முந்திக்கிட்டுச் சொல்லிருவேன்.”

செல்வி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“எ... எனக்கு வலிக்காதும்மா. நே... நேரந்தான் ஆகும்.”

அம்மா வாசலிலேயே அவளை அணைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தாள். இடியாப்பம் என்பது செல்விக்கு ரொம்பக் கஷ்டமான சொல். ஆனாலும் அன்றைக்கு இடியாப்பம்தான்.

மறுநாள் ஞாயிறு, கம்பெனி லீவு. பிள்ளைகள் கண்மாய்க்கரைக்குப் போனால் அங்கே அவர்களுக்கு முன்னால் ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. பூவலங்கோட்டை மக்களாக நடிக்க ஆள் வேண்டும்தானே என்றார்கள். மூக்கம்மாள் நல்ல சேலை கட்டி, பூவெல்லாம் வைத்திருந்தாள். பயந்து ஓடப் பார்க்கிற மக்கள் பூ வைத்திருக்க மாட்டார்கள் என்று ஐஸ்வர்யா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எடுக்க முடியாது என்று மூக்கம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பீரங்கிக்கு வெடி இல்லை. முனியராஜ் ஒரு தகர டிரம்மைக் கொண்டுவந்து கட்டையால் அடித்தார்.

பொம்பளைப் பிள்ளை ராஜாவாக நடிக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். மீசை வைத்தால் யாரும் ராஜாதான் என்று சொல்லிவிட்டு, ஐஸ்வர்யா கண்மையால் செல்விக்கு முறுக்கு மீசை வரைந்தாள். வரைந்து முடித்ததும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“கடைசியில அம்மன் அருளால ராஜாவுக்குத் திக்கு போயிரும்ல. அத எப்படி நடிப்ப?”

செல்வி யோசிக்கவே இல்லை. “போ... போகாது,” என்றாள். “ரா... ராஜா தி... திக்கியே பேசுவாரு.”

ஐஸ்வர்யா தன் நோட்டைப் பார்த்தாள். அம்மன் வரும் பக்கத்தை அவள் கலர் பேனாவில் எழுதி, ஓரத்தில் படமும் வரைந்திருந்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தாள்.

சோலைமலை கிளாப் அடித்தான். முனியராஜ் டிரம்மை அடித்தார். மக்கள் கூச்சலிட்டபடி ஓடப் பார்த்தார்கள். ராஜா படியேறி வந்து நின்று கையை உயர்த்தினார்.

“எ... என் மக்களே. எனக்குப் பே... பேச வராதுன்னு எதிரி சிரிக்கிறான். பே... பேச எனக்கு நேரமாகும். ஆனா ஓ... ஓ...”

‘ஓ’வில் வந்து சொல் நின்றுவிட்டது. டிரம் சத்தம் தானாக நின்றது. கூட்டத்தில் ஒருத்தியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைகூடச் சத்தம் காட்டவில்லை. முதல் வரிசையில் நின்ற பொன்மணியின் உதடுகள் மகளோடு சேர்ந்து ‘ஓ’ என்று குவிந்திருந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. அத்தனை பேருக்கும் அடுத்த வார்த்தை தெரியும். காலையிலிருந்து ஏழு தடவை ஒத்திகை பார்த்தாயிற்று. ஒருவர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

“ஓ... ஓடிப்போக எனக்குத் தெ... தெரியாது. நீங்களும் எ... என்னோட நில்லுங்க.”

மக்கள் நின்றார்கள். நடிக்கிறோம் என்பதை மறந்து நின்றார்கள். மூக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். ராஜாவின் அம்மா எல்லோருக்கும் முன்னால் சத்தமாக அழுதாள். போன் ஓடிக்கொண்டே இருந்தது. ‘கட்’ சொல்ல வேண்டிய ஐஸ்வர்யா, போனை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.